கோத்தகிரியில் ஒரு பகல்: ஜீப்பா, சோலையா?

கரிசல்காடு (கோவில்பட்டி)

வணக்கம். பொங்கல் முடிந்த வாரம் நானும் வீட்டுக்காரியும் கோத்தகிரி போகிறோம். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. அதற்கு முந்தின நாள் காலை முதல் இருட்டும் வரை எங்களுக்கே எங்களுக்கு. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறோம். காட்டு விலங்குகளைப் பார்ப்பது ஒன்றுதான் திட்டம். படகு, பூங்கா, சாக்லேட் கடை எதுவும் வேண்டாம்.

எனக்கு யானை பார்க்க வேண்டும். அவளுக்குப் பறவை. மசினகுடியில் ஒரு ஜீப்காரரிடம் போனில் பேசினேன். யானை கட்டாயம், சிறுத்தை பெரும்பாலும், ராத்திரி வந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார். முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

சீகூர்மேடு (மசினகுடி)

கட்டாதீர்கள். ராத்திரி சவாரி என்று யார் சொன்னாலும் அது சட்டவிரோதம். முதுமலைக்குள் வனத்துறை நடத்தும் சவாரி மட்டும்தான் காட்டுக்குள் போகும். தெப்பக்காட்டில் இருந்து காலையும் பிற்பகலும் கிளம்பும். தனியார் ஜீப் உங்களை ஏற்றிக்கொண்டு ஊர்ச் சாலையிலும் பட்டா நில ஓரத்திலும்தான் சுற்றும். அங்கே யானை நிற்காது என்று சொல்லவில்லை, நிற்கும். நின்றால் நாலு ஜீப் சேர்ந்து விளக்கு அடிப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், அது திரும்பி ஓடிவரும். அதை வீடியோ எடுத்துவிட்டு, சூப்பர் சைட்டிங் என்று போடுவார்கள்.

2021 ஜனவரியில் எங்கள் ஊரில் ஒரு யானை மேல் எரிகிற டயரை வீசினார்கள். நாடு முழுக்கப் பார்த்த வீடியோ அது. யானை செத்துப்போனது. அதற்கு முந்தின அக்டோபரில்தான் சீகூர் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம், வழித்தடத்துக்குள் விடுதி இருக்கக் கூடாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்திருந்தது. இதெல்லாம் தெரிந்தும் இன்னும் போனில் யானை கட்டாயம் என்று வியாபாரம் நடக்கிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது, மன்னியுங்கள்.

தேயிலைக்காரி (கோத்தகிரி)

தம்பி, முதலில் தூரத்தைப் பாருங்கள். கோத்தகிரியில் இருந்து ஊட்டி 30 கிலோமீட்டர். அங்கிருந்து கூடலூர் போய்த் தெப்பக்காடு இறங்கினால் இன்னும் 65 கிலோமீட்டருக்கு மேல். கல்லட்டி வழி குறுக்கு, ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு. விபத்து மேல் விபத்து நடந்ததால் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆக மொத்தம் போகவர ஆறேழு மணி நேரம் சாலைதான். மீதிப் பொழுதில் என்ன பார்ப்பீர்கள்?

எங்கள் ஊரிலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. டவுனை ஒட்டி, 116 ஹெக்டேர். 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் தேயிலையும் வீடும் இருக்க, நடுவில் இந்த ஒரு துண்டுக் காடு மட்டும் தப்பி நிற்கிறது. கீழே பல ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, காவலரோடு உள்ளே போங்கள். மலை அணில், காட்டு மாடு, கேளையாடு எல்லாம் உண்டு. உங்கள் வீட்டுக்காரிக்கு நீலகிரிச் சிரிப்பான் என்கிற பறவை ஒன்று போதும், வளைகாப்பையே மறந்துவிடுவார்.

ஒன்று மட்டும், இருட்டின பிறகு நடக்காதீர்கள். இங்கே கரடி நடமாட்டம் அதிகம். கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்காகக் கதவை உடைத்து உள்ளே போகிற ஊர் இது.

காந்திபுரம்ராஜா (கோவை)

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கோவில்பட்டியில் இருந்து அவ்வளவு தூரம் வந்து அணில் பார்த்துவிட்டுப் போவதா? ஜனவரி கடைசி என்றால் முதுமலை காய ஆரம்பித்திருக்கும். புல் சாய்ந்துவிடும், இலை கொட்டும், உள்ளே வரை பார்வை போகும். மழைக்காலத்தில் அதே இடத்தில் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் யானை நின்றாலும் தெரியாது. தண்ணீர் குறையக் குறைய மாயாற்றங்கரைக்கு எல்லாம் இறங்கி வரும். வனத்துறை வேனில் போய் நான் செந்நாய்க் கூட்டம் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே அகப்படாவிட்டாலும் மாலையில் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் பிசைந்து உருண்டை ஊட்டுவதைப் பார்க்கலாம். யானை பார்க்க வேண்டும் என்கிறவரிடம் சோலைக்குப் போ என்றால் என்ன நியாயம்?

பெரியமலை (ஓய்வு பெற்ற வனக்காவலர்)

ராஜா தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய விலங்கு வேண்டுமென்றால் கீழ்க்காடுதான். சோலையில் எல்லாம் மறைந்து இருக்கும். ஆனால் அவருக்கு இருப்பது ஒரு பகல். வேன் சவாரி ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணிக்காக ஆறு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். இரண்டு ராத்திரி அங்கே தங்கினால் முதுமலை போகலாம். இல்லாவிட்டால் கோத்தகிரியிலேயே இருங்கள்.

காட்டு மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லவில்லை. நீலகிரியில் வெளியூர்க்காரர்கள் அதிகம் அடிபடுவது புலியாலோ சிறுத்தையாலோ இல்லை. தேயிலைக்குள் சாதுவாக நிற்கிறதே என்று செல்ஃபி எடுக்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய காளை 1,000 கிலோ வரை இருக்கும். கூட்டத்தைக் கண்டால் அவ்வளவு பயம் வேண்டாம், அவை உங்களை முன்பே பார்த்துவிட்டு நகரும். தனிக் காளைதான் கவனம். தலையைத் தாழ்த்தி, உடம்பை முழுசாகப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினால் அது போஸ் கொடுக்கவில்லை, தன் பருமனைக் காட்டி மிரட்டுகிறது. புஸ் என்று மூச்சு விட்டால் இன்னும் மோசம். அப்போது பேசாமல் வந்த வழியே பின்வாங்க வேண்டும். 30 மீட்டருக்குள் எப்போதும் போகாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நிற்காதீர்கள். தெருநாய் ஏதாவது உங்கள் பின்னாலேயே வந்தால் முதலில் அதை விரட்டுங்கள். நாய் குரைத்து மாட்டைக் கிளப்பிவிட்டு உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும்.

கரிசல்காடு

ஐயா, படித்துவிட்டு வீட்டில் காட்டினேன். ஜீப் வேண்டாம் என்று தீர்மானம். முன்பணம் கட்டவில்லை. பைனாகுலர் வாங்கலாம் என்று பார்க்கிறோம். கடையில் 10x25 கையடக்கமாக இருக்கிறது, விலையும் குறைவு. போதுமா?

கொடைப்பூம்பாறை (கொடைக்கானல்)

சோலைக்கு அது போதாது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். சோலைக்குள் பகல் 11 மணிக்கே மங்கலாகத்தான் இருக்கும். 25 மில்லிமீட்டர் கண்ணாடியில் வெளிச்சம் போதாமல் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். 8x42 வாங்குங்கள். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், குதித்துக்கொண்டே இருக்கிற சின்னப் பறவையைப் பிடிக்க முடியாது. இரண்டு பேருக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். சண்டை வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு செய்தி. நீங்கள் அங்கே பார்க்கப்போகிற சிரிப்பான் எங்கள் பழனி மலையில் கிடையாது. எங்களுடையது வேறு இனம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது இல்லையா, உயரத்துச் சோலையை விட்டு இறங்காத பறவைகளுக்கு அந்தப் பள்ளம் கடல் மாதிரி. சோலைக்கிளியும் அப்படியே. பெயர்தான் கிளி, பார்க்க ராபின் போல நீல நிறத்தில் தரையோரம் குதிக்கும். அங்கே ஒரு இனம், இங்கே ஒரு இனம். 2017-இல்தான் இவற்றுக்கென்று ஷோலிகோலா என்ற தனிப் பேரினமே வைத்தார்கள். நீலகிரி முடிந்ததும் ஒருமுறை கொடைக்கானல் வாருங்கள், பேரிஜம் ஏரிப் பக்கம் அனுமதி வாங்கிப் போகலாம்.

காந்திபுரம்ராஜா

கொடைக்கானல்காரர் சந்தடிசாக்கில் ஊரை விற்கிறார்!

தேயிலைக்காரி

விற்கட்டும், நல்ல ஊர்தான். கரிசல்காடு தம்பி, பஸ்ஸில் வந்தால் இ-பாஸ் (மலைக்கு வண்டி வர இணையத்தில் எடுக்கும் அனுமதி) தொல்லை இல்லை. சொந்த வண்டி என்றால் கட்டாயம் எடுக்க வேண்டும், 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வேண்டாம், சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டுப் பாத்திரத்தில் கொண்டுவாருங்கள். ஸ்வெட்டர் சிவப்பிலும் வெள்ளையிலும் வேண்டாம்.

கரிசல்காடு

போய் வந்துவிட்டோம். இங்கே சொன்னவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. பறவைக் கதையை அவளே எழுதுகிறேன் என்கிறாள். நான் மாட்டுக் கதையைச் சொல்கிறேன்.

தங்கிய வீட்டில் இருந்து லாங்வுட் போகக் காலை ஆறே முக்காலுக்கு இறங்கினோம். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. வளைவில் ஒரு காளை. காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல முழங்கால் வரை வெண்மை, மேலே மின்னுகிற கறுப்பு. பெரியமலை ஐயா சொன்ன அதே பக்கவாட்டு நிலை. எனக்குக் கால் நகரவில்லை. அவள்தான் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஒரு கற்பூர மரத்துக்குப் பின்னால் நின்றோம். அது நகர்கிற வழியாகவே இல்லை. மென்றுகொண்டே நிற்கிறது. காவலரோ ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். கொழுந்து பறிக்க வந்த நாலு பெண்கள் எங்களைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் இரண்டு வரிசை மேலே ஏறிச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போன அம்மா மட்டும் திரும்பி, "அது அங்கேதான் நிக்கும், நீங்க எங்க பின்னாடி வாங்க" என்றார். போனோம். அவ்வளவுதான். யானை பார்க்கவில்லை என்ற குறை அந்த இடத்திலேயே எனக்குப் போய்விட்டது. அத்தனை பெரிய உடம்பு, வேலிக்கும் கண்ணாடிக்கும் அந்தப் பக்கம் இல்லாமல், நான் மூச்சு விடுவதைக் கேட்கிற தூரத்தில் நின்றது.

கரிசல்காட்டின் வீட்டுக்காரி

இவர் பயந்ததைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

சோலைக்குள் முதல் அரை மணி நேரம் எதுவும் தெரியவில்லை. பாசி, பெரணி, ஈரம், இருட்டு. காவலர் நடக்க விடவில்லை. ஒரு விழுந்த மரத்தருகே நிற்க வைத்து, பேசாதீர்கள் என்றார். அப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. முதலில் சத்தம்தான். நாலைந்து பேர் சேர்ந்து கேலி செய்வது போல ஒரு சிரிப்பு, புதருக்குள் இருந்து. சிரிப்பானேதான். செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். பிறகு காலடியில், அதாவது முழங்கால் உயரப் புதரில், கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்ன ஈப்பிடிப்பான். பயமே இல்லை அதற்கு. ஒரு பூச்சி, மறுபடி அதே குச்சி, இன்னொரு பூச்சி. இவர் 8x42-ஐ வாங்கிக் கொடுத்ததற்கு அங்கேயே நன்றி சொன்னேன்.

மலை அணிலை அணில் என்று சொல்லவே கூடாது, ராஜா அண்ணே. மூக்கில் இருந்து வால் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். அரக்கும் கறுப்பும் வெண்மஞ்சளுமாக மூன்று நிறம். கீழே இறங்குவதே அபூர்வமாம். ஒரே தாவலில் 6 மீட்டர் வரை தாண்டும் என்று காவலர் சொன்னார். நாங்கள் பார்த்த தாவல் அதில் பாதி இருக்கும், அதற்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது. திடீரென்று அது கடகடவென்று கத்த ஆரம்பித்ததும் காவலர் மேலே பார்த்தார். பருந்து ஒன்று தாழப் பறந்து போனது. அது போகும் வரை சோலையே வாயை மூடிக்கொண்டது.

மத்தியானம் கோடநாடு பஸ். போகிற வழியில் ஒரு சோலை ஓரம் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருந்தது. அதன் பின்னால் கருமந்திக் குடும்பம், உடம்பெல்லாம் கறுப்பு, தலை மட்டும் பழுப்புப் பொன். பஸ் நிற்குமா என்ன, ஜன்னல் வழியாக ஒரு நொடிதான்.

கோடநாடு காட்சிமுனையை நான் எதிர்பார்க்கவே இல்லை. எல்லோரும் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். நாங்கள் நாலு மணி வரை உட்கார்ந்தோம். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தூரத்தில் பவானிசாகர். மூன்று பெரிய பறவைகள் எங்களுக்குக் கீழே வட்டமிட்டன. மேலிருந்து பார்க்கிறோம் இல்லையா, முதுகில், வாலுக்குச் சற்று மேலே, வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. சாதாரணமாக அண்ணாந்துதானே பார்ப்போம், அப்போது இது தெரியாதாம். வெண்முதுகுப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். சரியா?

சீகூர்மேடு

சரிதான் தங்கச்சி. அதிர்ஷ்டம் உங்களுக்கு. நாங்கள் கீழே இருந்து பார்க்கிறவர்கள், இறக்கையின் அடியில் இருக்கிற வெள்ளையை வைத்து அடையாளம் சொல்வோம். முதுகைப் பார்ப்பது எங்களுக்கே அரிது.

ஒரு காலத்தில் இந்தியா முழுக்க மாட்டுக் கொட்டில் தோறும் இருந்த பறவை அது. 1990-களில் தொடங்கி 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. காரணம் மாட்டுக்குப் போடுகிற டைக்ளோபினாக் வலி மருந்து. செத்த மாட்டில் அது மிச்சமிருக்கும், தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். கால்நடைக்கு அதை 2006-இல் தடை செய்தார்கள். அதே வேலையைச் செய்கிற கீட்டோபுரோபேனையும் அசிக்ளோபினாக்கையும் 2023-இல். மாயாற்றிலும் சீகூர் ஓடைக் கரையிலும் நீர்மருது மரத்தில் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவை நிலைத்து நிற்கிற முக்கியமான இடம் இது. அந்த ஓடையோரம்தான் ஜீப்காரர்களும் ஆட்களைக் கூட்டிவருகிறார்கள், அதனால்தான் முதலில் அவ்வளவு கோபப்பட்டேன்.

நிழற்படம்88 (சென்னை)

அண்ணா, அந்த நீர்மருது மரங்கள் எந்த இடத்தில் என்று கூகுள் மேப்பில் குறித்து அனுப்ப முடியுமா? டெலி லென்ஸ் வைத்திருக்கிறேன், தொந்தரவு செய்ய மாட்டேன்.

சீகூர்மேடு

முடியாது தம்பி. நீங்கள் தொந்தரவு செய்ய மாட்டீர்கள். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற அடுத்த ஆள்? பாறு வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். ஆள் அரவத்தில் தாய் எழுந்து பறந்தால் அந்த வருஷமே போச்சு.

நிழற்படம்88

ஒருவர் கேட்டால் எல்லோரும் கெட்டவர்கள் என்கிற மாதிரி பேசுகிறீர்கள். படம் வெளியே வந்ததால்தானே பாறு பற்றி நாலு பேருக்குத் தெரிந்தது?

பெரியமலை

தெரியட்டும் தம்பி, கோடநாட்டில் இருந்து எடுத்துப் போடுங்கள். கூட்டை எடுக்க வேண்டாம். பணியில் இருந்தபோது ஒரு கூட்டு மரத்தடியில் ஏழெட்டு கேமரா முக்காலி நின்றதைப் பார்த்தவன் நான். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் வந்திருக்கிறோம் என்றுதான் சொன்னார்கள்.

காந்திபுரம்ராஜா

சரி, அணிலை நான் குறைத்துப் பேசியதற்குத் தங்கச்சி கணக்குத் தீர்த்துவிட்டது. ஆனாலும் ஏப்ரலில் நாங்கள் இரண்டு பேரும் முதுமலைதான், மூன்று ராத்திரி. வீட்டில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. அண்ணே, கவனிக்க வேண்டியது என்ன?

சீகூர்மேடு

காட்டுத்தீ அபாயம் அதிகமானால் சவாரியை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இ-பாஸை முன்கூட்டியே எடுங்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. கடைசி நேரத்தில் கிடைக்காது. கர்நாடகப் பக்கம் போவதாக இருந்தால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போட்டால் அபராதம்.

விடுதி எடுக்கும்போது ராத்திரி சவாரி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்டு என்றால் அங்கே தங்காதீர்கள்.

தேயிலைக்காரி

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி வழியாக ஏறுவதாக இருந்தால் குஞ்சப்பனைப் பக்கம் மெதுவாக வாருங்கள் ராஜா. பலாப்பழ வாசனைக்கு யானை சாலைக்கே வந்துவிடும். ஏப்ரலில் காய்தான், மே தாண்டினால் நிச்சயம். மூன்று ராத்திரி முதுமலையில் தங்கியும் அகப்படாதது உங்களுக்கு அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

காந்திபுரம்ராஜா

அப்படியானால் பயணத்தை மே கடைசிக்குத் தள்ளலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இ-பாஸ் கிடைக்குமா அக்கா?